சென்னையில் ஓடத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு விடியலில் கடற்கரைச் சாலையில் எங்களுடன் ஓட வருபவர்களில் பெரும்பாலோர் 35 வயதைத் தாண்டியவர்கள். பள்ளி மைதானத்தை விட்ட பிறகு, புறப்பட்டுவிட்ட பேருந்தைப் பிடிப்பதற்காக அன்றி வேறு எதற்காகவும் ஓடியிராதவர்கள். நானும் 42ஆம் வயதில் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். புதிதாக வருவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இதுவரை வாய்மொழியாகச் சொல்லிவந்த விடைகளை இங்கே எழுத்தில் தருகிறேன். நான் மருத்துவர் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓடத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்ப்பது அவசியமா?

நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் கட்டாயம் பார்க்க வேண்டும். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, புகைப்பழக்கம் உள்ளவர்களும், தந்தையோ உடன்பிறந்தவரோ இளம் வயதிலேயே மாரடைப்புக்கு உள்ளான குடும்பத்தினரும் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. படுத்த நிலையில் எடுக்கும் ஈசிஜி இயல்பாக இருக்கிறது என்பது மட்டுமே முழு உத்தரவாதம் ஆகிவிடாது. ஓடப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னால், தேவை எனக் கருதும் மருத்துவர் டிரெட்மில் பரிசோதனைக்கு எழுதித் தருவார். இத்தகைய தொல்லை எதுவும் இல்லாத, அன்றாடம் அரை மணி நேரம் நடந்து பழகிய ஒருவர், நடையின் நடுவே சில விநாடிகள் மெல்ல ஓடிப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

முதல் நாள் எவ்வளவு தூரம் ஓட வேண்டும்?

தூரத்தை மறந்துவிடுங்கள். முதல் நாள் ஓடுவது ஒரு நிமிடம்தான். பிறகு ஒன்றரை நிமிடம் நடை, மறுபடியும் ஒரு நிமிட ஓட்டம். இப்படி எட்டு முறை செய்தால் 20 நிமிடங்கள் ஆகும். அதற்கு முன்னும் பின்னும் ஐந்து ஐந்து நிமிடம் நடந்தால் அரை மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம். இது என் கண்டுபிடிப்பு அன்று. 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த ‘கவுச் டு 5கே’ என்னும் பயிற்சித் திட்டத்தின் முதல் வாரம்தான் இது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை பின்னர் இதனை ஏற்றுக்கொண்டு மக்களிடையே பரப்பியது. வாரத்துக்கு மூன்று நாள் என ஒன்பது வாரத்தில், நடுவே நடக்காமல் அரை மணி நேரம் ஓடும் நிலைக்கு அது ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

ஒன்பது வாரம் என்பதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. 40 வயதைக் கடந்தவர்களுக்கும் உடல் எடை கூடுதலாக உள்ளவர்களுக்கும் பன்னிரண்டு முதல் பதினான்கு வாரம் ஆவது இயல்பு; ஒரு வாரத்தின் பயிற்சி கடினமாக இருந்தால், அடுத்த வாரத்துக்குப் போகாமல் அதையே மறுபடியும் செய்வதில் எந்தக் குறையும் இல்லை. முதல் நாள் முடிந்ததும் ‘இவ்வளவுதானா?’ என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றாமல் மூச்சு வாங்கி முழங்காலில் கை ஊன்றி நின்றீர்கள் என்றால், நீங்கள் ஓடிய நேரம் சரியானதுதான். வேகம் மட்டுமே தவறு.

அப்படியானால் எந்த வேகத்தில் ஓடுவது?

பேச முடிகிற வேகத்தில். உடன் ஓட யாரும் இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு: ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டை ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் உடைக்காமல் முழுதாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ‘நாலேழு’ என்று சொல்லி மூச்சு வாங்கிய பிறகே ‘இருபத்தெட்டு’ வருகிறது என்றால் வேகம் கூடுதல். அருகில் விறுவிறுவென்று நடப்பவர் உங்களைத் தாண்டிச் செல்லலாம், செல்லட்டும். கையில் கட்டிய கடிகாரம் காட்டும் எண்ணைவிட, தொடக்க மாதங்களில் இந்த வாய்ப்பாடே நம்பத்தக்கது.

மூன்றே வாரத்தில் மூச்சு பழகிவிட்டது. இன்னும் கூடுதலாக ஓடினால் என்ன?

புதியவர்களில் அதிகம் பேர் கால்வலியுடன் விலகுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு ஈடுகொடுக்கத் தொடங்கிவிடுகின்றன. இரத்தத்தின் அளவு கூடுகிறது, தசைகள் ஆக்சிஜனை முன்னைவிடச் சிறப்பாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் மெதுவாகவே வலுப்பெறுபவை. அவற்றுக்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. மூச்சு ‘போகலாம்’ என்று சொல்லும் நாளில் கணைக்கால் எலும்பு அதற்குத் தயாராக இருப்பதில்லை.

நான் மூன்றாம் வாரத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமை 7 கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு சீராக இருந்தது; வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது வலது காலின் உட்புறத்தில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் ஓரம் நெடுகிலும் விரலால் தொட முடியாத அளவுக்கு வலி இருந்தது. ஓட்டக்காரர்கள் ‘ஷின் ஸ்ப்ளிண்ட்’ என்று சொல்வது இதைத்தான். ஐந்து வாரம் ஓட முடியவில்லை. அந்த ஏழு கிலோமீட்டரை யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

வலி எலும்பின் ஓரமாகப் பரவியிருந்தால், ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தாலே பெரும்பாலும் தணிந்துவிடும். மாறாக, ஒரு விரல்நுனி அளவுள்ள ஒரே புள்ளியில் குத்தும் வலி இருந்து, நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் அது விடாமல் தொடர்ந்தால், எலும்பில் நுண்விரிசல் ஏற்பட்டிருக்கக்கூடும். அந்நிலையில் தைலம் தேய்த்துக்கொண்டு ஓடுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

இதைச் சொல்லாத உறவினர் இல்லை. 2017இல் வெளிவந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய ஓர் ஆய்வின்படி, உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் காணப்பட்டது. ஓடாதவர்களிடம் அது 10.2 சதவீதமாகவும், போட்டிக்காகவே தீவிரமாக ஓடுபவர்களிடம் 13.3 சதவீதமாகவும் இருந்தது. ஓடுபவர்கள் இயல்பிலேயே எடை குறைந்தவர்களாகவும், மூட்டு நலமாக இருப்பதால் ஓடுபவர்களாகவும் இருக்கலாம் என்பதால், ஓட்டமே மூட்டைக் காத்தது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ஆயினும், அளவாக ஓடுவது மூட்டைத் தேய்க்கிறது என்ற பேச்சுக்கு இதில் ஆதரவு இல்லை. ஏற்கெனவே மூட்டில் காயமோ அறுவைச் சிகிச்சையோ கண்டவர்களின் நிலை வேறு. அவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

வாரத்துக்கு எத்தனை நாள் ஓடலாம்? மற்ற நாட்களில் என்ன செய்வது?

தொடக்கத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியோ 75 நிமிடம் தீவிரமான உடற்பயிற்சியோ செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூன்று நாளும் 25 நிமிடம் ஓடினாலே அந்த 75 நிமிடம் நிறைந்துவிடுகிறது. அதே பரிந்துரை, வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இந்தப் பாதியைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அதற்கு ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெல்ல இறக்கி மெல்ல ஏற்றுங்கள். இரு காலிலும் பதினைந்து முறை எளிதாக வந்த பிறகு ஒற்றைக் காலில் செய்யுங்கள். கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் தசைநாணுக்கும் இதைவிடச் சிறந்த காப்பு எனக்குத் தெரிந்தவரை இல்லை. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் தொடைக்கும் இடுப்புக்கும் போதுமானது.

எந்த ஷூ வாங்க வேண்டும்? விலை கூடியதுதான் நல்லதா?

விலைக்கும் காயம் தடுப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. காலில் போட்டு நடந்தவுடனே வசதியாக இருக்கிறதா என்பதே முதல் அளவுகோல். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது அணியப்போகும் சாக்ஸோடு கடைக்குப் போங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். சிறுவயதில் செருப்போ வெறுங்காலோ என்று வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகலமாக இருப்பதால், அகலமான வார்ப்பில் கிடைக்கும் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய பிறகு மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வாரம் 12 கிலோமீட்டர் ஓடும் புதியவருக்கு ஒரு ஜோடி எளிதாக ஓராண்டு வரும்.

வெறுங்காலில் கடற்கரை மணலில் ஓடலாமா?

எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார் என்பது உண்மை. மெரினா மணலில் உடைந்த பாட்டிலும் மீன்முள்ளும் கிடக்கின்றன என்பதும் உண்மை. கண்ணாடித் துண்டு இல்லாவிட்டாலும், உலர்ந்த மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலின் சுமை கூடுகிறது. அலை நனைத்த மணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே ஓடுகிறது. முதல் ஆறு மாதம் மணல் வேண்டாம்.

சென்னையின் வெயிலிலும் புழுக்கத்திலும் எப்படி ஓடுவது?

ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற நமக்குள்ள முதன்மையான வழி வியர்வை. வியர்வை சுரப்பதால் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் நிறைந்திருக்கும் ஊரில் வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் பயன் இல்லை. இதயமோ தசைக்கு மட்டுமன்றித் தோலுக்கும் சேர்த்து இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்குக் கூடுதலாகத் துடிக்கிறது. ஆகவே மார்கழியில் எளிதாக இருந்த வேகம் சித்திரையில் கடினமாக இருப்பது உங்கள் உடல் தளர்ந்ததால் அன்று.

விடியற்காலையில் ஓடினால் தொல்லை இல்லை என்று நினைப்பதும் பாதி சரியே. வெப்பநிலை குறைந்திருக்கும் அந்த நேரத்தில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கிறது. கோடையில் கடற்காற்று வீசத் தொடங்குவது முற்பகலுக்குப் பிறகே. இருந்தாலும் வெயில் தலையில் இறங்காது என்பதால் காலை ஐந்தரை மணியே நம் ஊருக்கு ஏற்றது. வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் தூரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். எளிதில் உலரும் மெல்லிய பாலியெஸ்டர் சட்டை போதும். எப்போது தொடங்குவது என்று கேட்டால், மழை ஓய்ந்த டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை என்பேன். அக்கினி நட்சத்திரத்தில் தொடங்கியவர்களில் பலர் ஓட்டத்தையே வெறுத்து விலகியதைப் பார்த்திருக்கிறேன்.

உடன் ஓடுபவர் திடீரென்று தடுமாறினாலோ, குழறிப் பேசினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடை சொன்னாலோ வெப்பத் தாக்கு என்றே கருத வேண்டும். உடனே 108க்கு அழைத்துவிட்டு, அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, கிடைக்கும் தண்ணீர் முழுவதையும் உடலில் ஊற்றி விசிற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஓடுமுன் என்ன சாப்பிட வேண்டும்? எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

அரை மணி நேர ஓட்டத்துக்கு முந்தைய இரவுச் சாப்பாடே போதும். வெறும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் பாதி வாழைப்பழம் சாப்பிடலாம். தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும். நீண்ட நேரம் ஓடும்போது வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகக்கூடும். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட மோர் ஒரு செம்பு குடிப்பது என் வழக்கம்.

ஓடினால் எடை குறையுமா?

ஓட்டம் மட்டுமே குறைத்துவிடாது. ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 350 கிலோகலோரி. ஓடி முடித்ததும் குழுவாக மயிலாப்பூருக்குப் போய் நெய்ப் பொங்கலும் வடையும் ஃபில்டர் காபியும் சாப்பிட்டால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். எங்கள் குழுவில் எடை குறையாமல் பத்தாண்டாக ஓடுபவர்கள் உண்டு. அவர்களுடைய இரத்த அழுத்தமும் தூக்கமும் முன்னைவிட நன்றாக இருப்பதாகவே சொல்கிறார்கள்.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஓடலாமா?

மருத்துவர் ஒப்புதலோடு ஓடலாம், ஓடுவது நல்லதும்கூட. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓட்டத்தின் நடுவிலோ சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும் என்பதால், மருந்தின் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலமோ நான்கு சர்க்கரை மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். கை நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் தோன்றினால் ஓட்டத்தை நிறுத்திச் சாப்பிடுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வலிக்காது.

60 வயதுக்கு மேல் தொடங்கலாமா?

பஞ்சாபில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய ஃபௌஜா சிங் தம் முதல் மாரத்தானை 2000இல் லண்டனில் ஓடியபோது அவருக்கு வயது 89. நம் ஊரில், தமிழகச் சுகாதாரத் துறை அமைச்சராக 2021இல் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், 50 வயதுக்குப் பிறகு ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர். இவர்களைப் போல் எல்லோரும் ஓட வேண்டும் என்பதில்லை. 60இல் தொடங்குபவர் இரண்டு மாதம் நடையையும் தசைப் பயிற்சியையும் முடித்துவிட்டு ஓட்டத்துக்கு வரலாம், நடுவில் நடப்பதை என்றுமே கைவிடாமலும் இருக்கலாம்.

பெண்கள் கவனிக்க வேண்டியவை உண்டா?

எங்கள் குழுவின் பெண்கள் முதலில் சொல்வது ஸ்போர்ட்ஸ் பிரா பற்றித்தான். ஷூவுக்கு முன்னால் அதற்குச் செலவு செய்யுங்கள் என்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் உடல் ஒத்துழைத்தால் ஓடுவதில் தீங்கு இல்லை. பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் பொறுத்து, இடுப்படித் தசைகள் வலுப்பெற்றனவா என்று மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது. இருட்டில் தனியாகப் போகத் தயங்குவது அச்சமன்று, நியாயமான கணக்கு. குழுவோடு ஓடுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

எங்கே ஓடலாம்? தெருநாய்களை என்ன செய்வது?

உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினால் 5 கிலோமீட்டருக்குக் குறையாது. விடியலில் மக்கள் நடமாட்டமும் உண்டு. 2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீளத்தில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ பாதைகளில் சென்னைக்குரியது அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதியில் இருக்கிறது. நாகேஸ்வர ராவ் பூங்கா நடப்பவர்களுக்கே போதவில்லை. அங்கே ஓடிப் பெரியவர்கள் மீது மோத வேண்டாம். சாலையில் ஓட நேர்ந்தால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்புறமாக, வெளிர்நிறச் சட்டையோடு, காதில் பாட்டு இல்லாமல் ஓடுங்கள்.

நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடுவதை நிறுத்தி, கண்ணோடு கண் பார்க்காமல் மெல்ல நடந்து கடக்க வேண்டும். ஓடும் பொருளைத்தான் அது துரத்துகிறது. கடித்தாலோ பல் கீறினாலோ, காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த நாட்களில் ஓடக் கூடாது?

காய்ச்சல் இருக்கும்போது ஒருநாளும் ஓடக் கூடாது. கிருமித் தொற்று இதயத் தசையையும் பாதித்திருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பிறகு அவசரப்படாமல், மருத்துவர் சொன்ன பிறகே திரும்ப வேண்டும். போகி அன்று காலையும் தீபாவளிக்கு மறுநாள் காலையும் புகை படிந்திருக்கும் ஊரில் ஆழ மூச்சிழுப்பது அறிவன்று. அந்த இரண்டு நாளும் எங்கள் குழு கூடுவதில்லை.

எப்போது போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம்?

நடக்காமல் 5 கிலோமீட்டர் ஓடி இரண்டு மாதம் ஆன பிறகு 10 கிலோமீட்டருக்கு. 10 கிலோமீட்டர் ஓடி ஏறத்தாழ அரையாண்டு ஆன பிறகு 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கு. சென்னையின் பெரிய மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கிறது. அலுவலக நண்பர்கள் கூட்டாகப் பெயர் கொடுத்துவிட்டு, ஆறு வாரம் இருக்கும்போது என்ன செய்யலாம் என்று கேட்டு வருவது ஆண்டுதோறும் நிகழ்கிறது. சிறிய தூரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்லும் விடை. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நடுவில் ஒரு மாதம் விட்டுப்போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்தா?

இல்லை. ஒரு வாரம் விட்டுப்போனால் ஒன்றும் குறைவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆனால் மூச்சுத்திறன் சற்று இறங்கியிருக்கும். ஒரு மாதம் விட்டவர், விட்ட இடத்திலிருந்து மூன்று வாரப் பயிற்சி பின்னால் போய், ஓட்டமும் நடையும் கலந்த நாட்களிலிருந்து தொடரலாம். திரும்பி வந்த முதல் நாள், ஏழாம் வாய்ப்பாட்டோடு.